முதுகில் ஒரு பள்ளம்

ஒரு மொபைல் கடைக்குப் போய், 'வைஃபை இருக்கிற ஸ்மார்ட்போனா பார்த்துக் கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஓட்டலில் உட்கார்ந்து, 'உப்புப் போட்ட சாம்பார் இருக்கா?' என்று கேட்ட மாதிரி. வைஃபை இல்லாமல் ஒரு ஸ்மார்ட்போனா?

ஆனால் 2000-களின் தொடக்கத்தில் கதையே வேறு. அன்றைக்கு வைஃபை என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. ஒரு கார்டு வடிவில் கிடைக்கும். அதைக் கையடக்கக் கம்ப்யூட்டரின் முதுகிலோ தலையிலோ செருகவேண்டும். செருகினால் இன்டர்நெட். உருவினால் பழையபடி டைரி, டெலிபோன் நம்பர், கால்குலேட்டர்.

அந்தச் செருகுகிற பள்ளத்தின் கதைதான் இது. அளவில் சின்னப் பள்ளம். உள்ளே இருந்த கேள்வி பெரிது. காசு கொடுத்து வாங்கிய ஒரு கருவி என்னென்ன செய்யலாம் என்று முடிவு செய்வது யார்? வாங்கியவரா, விற்றவரா?

கதை ஒரு மரக்கட்டையில் ஆரம்பிக்கிறது. தொண்ணூறுகளின் நடுவே கலிபோர்னியாவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்று ஓர் இன்ஜினீயர். சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து, எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவார். யாராவது, 'அடுத்த வாரம் சந்திக்கலாமா?' என்று கேட்டால் கட்டையை எடுத்து, சீவிய சாப்ஸ்டிக் குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அது தினமும் பயன்படுமா, தொல்லையாக இருக்குமா?

பயன்படும் என்று முடிவாயிற்று. 1996-ல் பைலட் 1000 பிறந்தது. விலை 299 டாலர். நினைவகம் வெறும் 128 கிலோபைட். இரண்டு சின்ன பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருடத்தில் பத்து லட்சம் விற்றது. பின்னாளில் பாம் என்று உலகம் அழைத்தது இந்த வம்சத்தைத்தான்.

ஒரே குறை. வெளியுலகத்தோடு பேசவேண்டுமானால் அதை மேஜைக் கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு தொட்டிலில் உட்கார வைக்கவேண்டும். தொட்டிலை விட்டு இறங்கிவிட்டால் ஊமை.

இதற்கு மருந்தாக 1999-ல் பாம் VII வந்தது. ஆன்டெனாவைத் தூக்கினால் ரேடியோ வழியே செய்தி வரும். பேஜர் கம்பெனிகள் பயன்படுத்திய வகை நெட்வொர்க். வேகம் நொடிக்கு எட்டு கிலோபிட் சுமார். மாதச் சந்தா 9.99 டாலர். அதற்கு எவ்வளவு டேட்டா தெரியுமா? 50 கிலோபைட். ஆமாம், கிலோபைட்தான்! இன்றைக்கு வாட்ஸ்அப்பில் காலையில் வந்து விழுகிற ஒரு 'குட்மார்னிங்' பூப்படத்துக்கே அந்த ஒரு மாதக் கோட்டா போதாது.

இந்த நெட்வொர்க்கெல்லாம் கம்பெனிகளுக்குச் சொந்தம். மீட்டர் போட்டுத்தான் தருவார்கள். மீட்டர் இல்லாத ஒரு காற்று இன்னொரு பக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்துவிடுவோம்.

1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு காரியம் செய்தது. யாரும் சீந்தாத சில அலைவரிசைகளை, 'லைசென்ஸ் இல்லாமலே தகவல் தொடர்புக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று திறந்து விட்டது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இறைச்சலாய் இறைக்கிற வரிசை. அந்த இரைச்சலுக்கு நடுவே யார் பேசப் போகிறார்கள் என்று அதிகம் பேர் கவலைப்படவில்லை.

என்.சி.ஆர். பேசியது. கடைகளுக்கு கல்லாப்பெட்டி மெஷின் செய்து விற்கிற கம்பெனி. கடைக்காரர் அலமாரிகளை மாற்றி வைக்கும்போதெல்லாம் கல்லா மெஷினுக்குப் போன ஒயரையும் பிடுங்கி நடவேண்டும். ஒயரே இல்லாவிட்டால்? நெதர்லாந்தில் இருந்த அதன் இன்ஜினீயர்கள் இந்தத் தலைவலிக்கு மருந்து தேடப்போய் வேவ்லேன் என்ற கம்பியில்லா நெட்வொர்க்கைச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், எல்லாக் கம்பெனிகளையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பொது விதி எழுதும் கமிட்டிக்குத் தலைமை ஏற்றார். ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 1997-ல் விதி தயாரானது. பெயர் 802.11. வாயில் நுழைகிற பெயரா இது? 1999-ல் நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் 802.11பி வந்தபோது, காசு கொடுத்து ஒரு விளம்பர நிறுவனத்திடம் பெயர் வைக்கச் சொன்னார்கள். அவர்கள் வைத்ததுதான் வைஃபை.

இப்போது இரண்டு நதிகள் தயார். ஒரு பக்கம் சட்டைப் பையில் கம்ப்யூட்டர். மறுபக்கம் மீட்டர் இல்லாத காற்று. இரண்டையும் எங்கே சேர்ப்பது?

இங்கேதான் மறுபடி ஹாக்கின்ஸ் வருகிறார். பாம் கம்பெனி கைமாறிக் கைமாறி 3காம் என்ற பெரிய முதலாளியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பிடிக்கவில்லை. 1998-ல் டோனா டுபின்ஸ்கி, எட் கோலிகன் என்ற இரண்டு சகாக்களோடு வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் என்று புதுக்கடை போட்டார். அடுத்த வருடமே வைசர் என்ற கையடக்கக் கருவி வந்துவிட்டது. பார்ப்பதற்கு பாமின் தம்பி. திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம். முதுகில் ஒரு பெரிய பள்ளம். ஸ்பிரிங்போர்டு ஸ்லாட் என்று பெயர்.

காலி இடம். அதற்குள் என்ன வைப்பது? 'அது எங்களுக்குத் தெரியாது, நீங்கள் யோசியுங்கள்' என்றது கம்பெனி. அளவுகளையும் விதிகளையும் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் அந்தப் பள்ளத்துக்குள் பொருந்துகிற பெட்டி செய்து விற்கலாம். செய்தார்கள். கேமரா வந்தது. பாட்டுப் பெட்டி வந்தது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். வந்தது. டிவி ரிமோட் வந்தது. 2000-த்தின் கடைசியில் டெலிபோனே வந்தது, தன் பேட்டரியைத் தானே சுமந்துகொண்டு. 2001-ல் சர்காம் என்ற கம்பெனி வைஃபை பெட்டி கொண்டு வந்தது.

இதில் ஒரு கில்லாடித்தனமும் இருந்தது. வேறு கருவிகளில் கார்டு செருகினால் மட்டும் போதாது. கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற மென்பொருளை வேறு ஏற்றவேண்டும். ஸ்பிரிங்போர்டில் அந்த டிரைவர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. செருகியதும் தானாக ஏறும். உருவியதும் தானாக இறங்கும். விருந்தாளி தன் பாய் தலையணையோடு வந்து, போகும்போது சுருட்டிக்கொண்டு போகிற மாதிரி.

போட்டிக் கடையான காம்பாக் வேறு வழியில் போனது. 2000-ல் வந்த அதன் ஐபேக் கருவிக்கு ஒரு சட்டை தைத்தார்கள். நிஜமாகவே சட்டை மாதிரிதான். கருவியை அதற்குள் சொருகினால் லேப்டாப்பில் போடுகிற பெரிய வைஃபை கார்டை ஐபேக்கிலும் போடலாம். கார்டு குடிக்கிற மின்சாரத்துக்காக சட்டைக்குள்ளேயே தனி பேட்டரி. எல்லாம் போட்டு முடித்ததும் கையடக்கக் கருவி செங்கல் கனத்தில் இருக்கும். கார்டின் ஆன்டெனா தலைக்கு மேல் நாக்கு நீட்டும். ஆனால் அந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டு நீங்கள் ஒரு பல்கலைக்கழக மரத்தடியில் நின்று மெயில் படிக்கலாம். ஒயர் இல்லாமல். மீட்டர் இல்லாமல். அன்றைக்கு அது மாயாஜாலம்.

மாயாஜாலத்துக்கு விலை பேட்டரி. டைரி பார்க்க வாரக்கணக்கில் தாங்கிய கருவி, ரேடியோவுக்குச் சோறு போட ஆரம்பித்ததும் சில மணி நேரத்தில் மயங்கி விழுந்தது. வைஃபை லேப்டாப்புக்கென்று வளர்ந்த குழந்தை. அதன் பசியைத் தாங்க பாக்கெட் கம்ப்யூட்டரின் வயிறு போதவில்லை.

ஆகவே கார்டு இளைக்க வேண்டியிருந்தது. கிரெடிட் கார்டு அளவில் இருந்தது முதலில் தீப்பெட்டி அளவுள்ள காம்பாக்ட்ஃப்ளாஷ் ஆனது. பிறகு, எஸ்.டி. கார்டு. 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். தபால் தலை சைஸ். படங்கள் சேமிக்க வந்த அந்தத் துண்டுக்குள் 2003-ல் வைஃபை ரேடியோவை அடக்கிவிட்டது சான்டிஸ்க். 2004-ல் பாமும் தன் பெயரில் ஒரு எஸ்.டி. வைஃபை கார்டு விற்றது. செருகினால் ஆன்டெனா இருக்கிற நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்.

வெற்றிதானே? இல்லை. இங்கேதான் கதை திரும்புகிறது.

ரேடியோ தபால் தலைக்குள் அடங்குகிறது என்றால் கருவிக்குள்ளேயே அடங்கிவிடும் அல்லவா? அப்புறம் கார்டு எதற்கு, பள்ளம் எதற்கு? பள்ளம் இடத்தை அடைக்கும். கருவியைத் தடிமனாக்கும். காலியாக இருந்தாலும் அதற்கான செலவு விலையில் ஏறும். ஹேண்ட்ஸ்பிரிங்கே இதை உணர்ந்துவிட்டது. 2001-ல் வந்த ஒல்லியான வைசர் எட்ஜில் ஸ்லாட்டைக் கழற்றி, தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ளும் தனிக் கவசமாக ஆக்கியது. 2002-ல் வந்த அதன் ட்ரியோ போனில் ஸ்பிரிங்போர்டு சுத்தமாக இல்லை. 2003-ல் கம்பெனியே பாமோடு சேர்ந்து பாம்ஒன் ஆனது. அதே வருடம் பாம் தன் டங்ஸ்டன் சி-யில் வைஃபையை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. பள்ளத்தை வெட்டியவர்களே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள்.

இதுவரை நடந்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தொழில்நுட்பம் அப்படித்தான் வளரும். ரேடியோவில் கூடத்தான் ஒரு காலத்தில் வால்வைத் தனியாகக் கழற்றி மாட்டினார்கள்.

2004-ன் கடைசியில் ட்ரியோ 650 வந்தது. போனும் கம்ப்யூட்டரும் சேர்ந்த கருவி. உள்ளே வைஃபை கிடையாது. பரவாயில்லை, எஸ்.டி. ஸ்லாட் இருக்கிறது. அதே கம்பெனி எஸ்.டி. வைஃபை கார்டும் விற்கிறது. செருகினால் முடிந்தது!

ம்ஹூம். கார்டு நுழையும், வேலை செய்யாது. ட்ரியோ 650-க்கு டிரைவரை கம்பெனி தரவில்லை. ஸ்லாட் அவர்களுடையது, கார்டு அவர்களுடையது, இரண்டையும் சேர்த்து வைக்கும் நாலு வரி மென்பொருள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இந்த மாதிரிப் போன்கள் பெரும்பாலும் செல்போன் சேவை நிறுவனங்கள் மூலம் விற்றவை. வாடிக்கையாளர் இலவசக் காற்றில் மெயில் படித்தால் மீட்டர் ஓடுமா என்று வாங்கியவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதே வருடம் வெரிசான் விற்ற மோட்டரோலா வி710 போனில் ப்ளூடூத் இருந்தது; ஆனால் எடுத்த படத்தை அதன் வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்ப முடியாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்கே போனார்கள்.

ட்ரியோ விஷயத்தில் கோர்ட் தேவைப்படவில்லை. ஓர் ஆர்வலர் வேறு மாடலுக்காக இருந்த டிரைவரை எடுத்து வெட்டி ஒட்டி 650-ல் ஓடவைத்துவிட்டார். கொஞ்சம் தடுமாறினாலும் ஓடியது. முடியாத காரியம் இல்லை, செய்யாத காரியம்தான் என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது.

மூன்று வருடம் கழித்து, 2007-ல் ஐபோன். வைஃபை உள்ளேயே. எஸ்.டி. ஸ்லாட் இல்லை. பேட்டரியைக்கூட நாமாகக் கழற்ற முடியாது. அழகான, வழவழப்பான, எந்தப் பள்ளமும் இல்லாத முதுகு. உலகம் அதைத்தான் விரும்பியது. 2010-ல் ஹெச்.பி.யிடம் விலைபோன பாம், அடுத்த வருடமே இழுத்து மூடப்பட்டது. பள்ளத்தைத் திரும்ப வெட்டிப் பார்க்கலாம் என்று 2013-ல் கூகுள் குடும்பம் ஆரா என்ற திட்டத்தை அறிவித்தது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற போன். 2016-ல் அதையும் கைவிட்டார்கள். 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் கார்டு போடுகிற துளைகூடக் கிடையாது.

நமக்கு லாபமா, நஷ்டமா? இரண்டும்தான். செங்கல் சுமந்து, சட்டை மாட்டி, டிரைவர் தேடி அலைந்த காலத்தை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு மாதம் முழுக்கக் கிடைத்த டேட்டாவை இன்றைக்கு போன் கண்மூடித் திறப்பதற்குள் விழுங்குகிறது. அது பெரிய லாபம்.

நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. வைஃபையின் பழைய பூட்டான டபிள்யூ.இ.பி. 2001-லேயே உடைந்துவிட்டது. அந்தப் பூட்டு மட்டும் தெரிந்த கார்டுகளை இன்றைய வீட்டு வைஃபை உள்ளே விடாது. பள்ளம் உள்ள கருவியில் பழைய கார்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் முடிந்தது. கார்டு போகும், கருவி பிழைக்கும். எல்லாம் உள்ளேயே ஒட்டியிருக்கும் கருவியில் ஒன்று கெட்டால், பழசானால், மொத்தமும் குப்பை.

வைசரின் முதுகில் இருந்தது, 'உனக்கு என்ன தேவை என்பது எனக்கு முழுதாகத் தெரியாது' என்று தயாரித்தவரே ஒப்புக்கொண்ட ஓர் இடம். இன்றைய கருவிகளில் அந்த இடம் இல்லை.