காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு சாடி

பெரும்பாணாற்றுப்படையை நான் முதலில் ஒரு பயண வழிகாட்டி மாதிரிதான் வாசித்தேன். எங்கள் முசரவாக்கம் காஞ்சிபுரத்துக்குப் பக்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகளும் பசித்த பாணன் ஒருவனைக் காஞ்சிக்கு, தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்பி வைக்கின்றன. வழியில் எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தணர் வீட்டில் சோறும் வடுமாங்காய் ஊறுகாயும். அதற்கு முன்பே, வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனும் மதுவும்.

அந்த மதுவில்தான் நான் நின்றுவிட்டேன். பனையில் இறக்கிய கள்ளாக இருக்கும் என்று நினைத்துப் படித்தால், அங்கே இருப்பது அரிசி. குற்றித் தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற பிழாவில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். அதில் நல்லடை என்ற ஒன்றைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட்டுவைக்கிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். செய்முறையில் ஒரு படிகூட விடுபடவில்லை. அடுப்படிக்குள் நின்று பார்த்த ஆள் எழுதியதுபோல இருக்கிறது.

தானியத்தைக் காய்ச்சி நொதிக்க வைத்தால் அது பீர் வகை. இதில் ஒரு வேதியியல் சிக்கல் உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. யாராவது அதை உடைத்துச் சர்க்கரையாக்க வேண்டும். ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டிச் செய்தார்கள். ஜப்பானில் கோஜி என்ற பூஞ்சை செய்கிறது. நம் பாட்டில் அந்த வேலை நல்லடைக்கு. புலவர் அதற்குச் சொல்லும் உவமை கறையான் புற்றுக்குள் இருக்கும் குரும்பி. கறையான் அந்தக் கூட்டில் பூஞ்சைதான் வளர்க்கிறது! உவமை வெறும் தோற்றத்துக்காகவே சொல்லப்பட்டிருக்கலாம். எனக்கென்னவோ அது பூஞ்சை ஏறிய அடை என்றே படுகிறது.

இப்படிப் படுவதற்குக் காரணம் ராஞ்சிப் பக்கத்து கிராமம் ஒன்று. அலுவலக நண்பர் வீட்டுக்கு நாலு பேராகப் போயிருந்தோம். அவருடைய அம்மா ராணு என்ற வெள்ளை உருண்டையைக் காட்டினார். வேரும் மூலிகையும் அரிசி மாவும் சேர்த்துப் பிடித்து உலர்த்தியது. அதைச் சோற்றில் பிசைந்து பானையில் மூடிவைத்தால் சில நாளில் ஹண்டியா. தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து வடித்து, இலைத்தொன்னையில் ஊற்றிக் கொடுத்தார். லேசான புளிப்பு, மோர் மாதிரி. வீட்டுப் பெரியவர்களும் எங்களோடு உட்கார்ந்து குடித்தார்கள். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. நான்தான் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

காஞ்சியில் இந்த வீட்டுச் சாடி எப்போது கடைக்குப் போனது? ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசத்தில் காபாலிகனும் அவன் துணைவியும் காஞ்சித் தெருவில் மதுக்கடை தேடிப் போகிறார்கள். அங்கே மது காசுக்கு விற்கிற சரக்கு, கேலிக்குரிய பழக்கமும்கூட. வெள்ளைக்காரன் காலத்தில் தானிய மது திரும்பவும் வந்தது, வேறு பெயரில். 1857-இல் ஊட்டியில் காஸில் ப்ரூவரி. நொதிக்கும் தொட்டியை ஐஸ் இல்லாமல் குளிர்ச்சியாக வைக்க மலை வசதி. குடிக்க ராணுவச் சிப்பாய்கள். 1915-இல் தாமஸ் லீஷ்மன் இதையும் இன்னும் நாலு ஆலைகளையும் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார். பீர் என்றாலே சீமைச் சரக்கு என்ற எண்ணம் நமக்கு வந்தது இப்படித்தான்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. 1971-இல் கருணாநிதி அதை விலக்கினார், 1974-இல் மறுபடி விலக்கு, 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983-இல் டாஸ்மாக். 2003 முதல் சில்லறைக் கடையும் அதன் கையில். வேடிக்கை என்னவென்றால் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அரசாங்கம் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து விற்கலாம். வலைஞர் வீட்டுச் சாடியை மட்டும் நீங்களோ நானோ வைக்க முடியாது.

ராஜாஜிமேல் எனக்கு வருத்தமில்லை. தறிக்குழியில் நாளெல்லாம் காலை விட்டு நெய்த கூலி சாயங்காலமே கடைக்குப் போய்விடுவதைப் பார்த்த வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பெண்கள் ரோட்டில் உட்காரும்போது அவர்களிடம் போய் நல்லடை கதை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாடியை மறந்ததால் குடி குறைந்ததா? வீட்டில், பெரியவர்கள் கண்ணெதிரே, மீனோடு மெதுவாகக் குடிப்பது போனது. மிச்சமிருப்பது பேப்பர் சுத்திய பாட்டில், பம்ப்செட் மறைவு, பத்து நிமிஷத்தில் காலி.

எங்கள் செட்டும் அப்படித்தான். பெங்களூரில் மைக்ரோப்ரூவரியில் உட்கார்ந்து ஐபிஏ, ஸ்டவுட் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். ஊருக்கு வந்தால் ஏரிக்கரையில் இருட்டில் நின்றுகொண்டு, மச்சான் சீக்கிரம்டா, யாரோ வர்றாங்க என்போம்.

போன வைகாசி கருட சேவைக்கு ராஞ்சி நண்பர் முசரவாக்கம் வந்தார். வீட்டுக்குள் வந்ததும், “உங்க வீட்ல வர்றவங்களுக்கு என்ன காய்ச்சிக் கொடுப்பீங்க?” என்று கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. “வெயில்ல வந்திருக்கு புள்ள” என்று பெரிய சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் இரண்டு சொம்பு குடித்தார்.