கிளர்ச்சி ஒடுக்கும் பணியும் மரபுவழிப் போர்த்திறனும்

ஓர் இராணுவம் உள்நாட்டுக் கிளர்ச்சியை ஒடுக்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டால், அயல்நாட்டுப் படையுடன் நேரடியாகப் போரிடும் அதன் திறன் குறையுமா என்பது படைத்துறை வரலாற்றில் தொடர்ந்து விவாதிக்கப்படும் கேள்வியாகும். இந்தியாவில் இதற்கு 1999 ஆம் ஆண்டு நடந்த கார்கில் போர் முக்கியச் சான்றாக உள்ளது.

இருவகைப் பணிகள்

மரபுவழிப் போரில் காலாட்படை, பீரங்கிப்படை, கவசப்படை, வான்படை ஆகியவை ஒரே திட்டத்தின்படி இணைந்து இயங்குகின்றன. கிளர்ச்சி ஒடுக்கும் பணியில் எதிரி மக்களோடு கலந்திருப்பான். சிறு குழுக்களே சுற்றுக்காவலும் தேடுதலும் நடத்துகின்றன. பொதுமக்கள் உயிரிழக்கக் கூடாது என்பதால் பீரங்கிக்கு அங்கு வேலையில்லை. ஆகவே வீரனின் உடலுறுதியும் இளம் அதிகாரிகளின் தலைமைப் பண்பும் வளரும். பல படைகளை இணைத்து நடத்தும் பயிற்சி குறையும்.

பின்னணி

நாகாலாந்தில் பணியாற்றிய 8 ஆவது மலை டிவிஷன், 1990 வாக்கில் காஷ்மீர் பள்ளத்தாக்கிற்கு மாற்றப்பட்டது. கிளர்ச்சி ஒடுக்கும் பணிக்கென 1990 இல் ராஷ்டிரிய ரைபிள்ஸ் என்ற தனிப்படை தொடங்கப்பட்டது. அதற்கான வீரர்களும் வழக்கமான படைகளிலிருந்தே முறை வைத்து அனுப்பப்பட்டனர்.

தோலோலிங்கும் டைகர் ஹில்லும்

1999 மே மாதத்தில் கார்கில் மலைகளில் ஊடுருவல் தெரியவந்தபோது, வந்தவர்கள் தீவிரவாதிகள் என்றே முதலில் கருதப்பட்டது. உண்மையில் அங்கிருந்தோர் பெரும்பாலும் பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படையினர். பள்ளத்தாக்கில் தேடுதல் பணியில் இருந்த 18 கிரனேடியர்ஸ் பட்டாலியன் அவசரமாகத் திராஸுக்கு அனுப்பப்பட்டது. போதிய பீரங்கி ஆதரவின்றி அது தோலோலிங் மலை மீது நடத்திய தொடக்கத் தாக்குதல்கள் பலிக்கவில்லை. அதிகாரிகளும் வீரர்களும் உயிரிழந்தனர். உயரத்திற்குப் பழகாத உடல்நிலையும் குளிர் உடைப் பற்றாக்குறையும் இதற்குப் பிற காரணங்களாகும்.

பின்னர் அணுகுமுறை மாறியது. போபர்ஸ் உள்ளிட்ட பீரங்கிகள் குவிக்கப்பட்டன. சூன் 13 இல் 2 ராஜ்புதானா ரைபிள்ஸ் தோலோலிங்கைக் கைப்பற்றியது. சூலை 4 இல் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகளின் துணையோடு டைகர் ஹில் சிகரத்தைப் பிடித்தது அதே 18 கிரனேடியர்ஸ். ஒரே பட்டாலியன் ஐந்து, ஆறு வாரங்களில் கண்ட இந்த மாற்றம், வீரர்களின் போர்க்குணம் குன்றவில்லை என்பதைக் காட்டுகிறது. குறைந்திருந்தது கூட்டுப் போர்முறைக்கான ஆயத்தம். அதை மீட்கக் காலம் தேவைப்பட்டது. இப்போரில் 527 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர்.

மறுஆய்வுக் குழு

போருக்குப் பின் அமைக்கப்பட்ட கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமை வகித்தார். கிளர்ச்சி ஒடுக்கும் பணியில் இராணுவம் பெருமளவில் ஈடுபடுவது, நாட்டைக் காக்கும் அதன் முதன்மைக் கடமைக்கான ஆயத்தத்தைப் பாதிக்கும் என அக்குழு கருதியது. உள்நாட்டுப் பணியைத் துணை இராணுவப் படைகள் ஏற்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. இதையடுத்து 2001 இல் அமைச்சர்கள் குழு மத்திய சேமக் காவல் படையை இப்பணிக்கு முதன்மைப் படையாக்கப் பரிந்துரைத்தது.

பிற நாடுகள்

2000 முதல் பாலத்தீனப் பகுதிகளில் காவல் பணியில் மூழ்கியிருந்த இஸ்ரேலியத் தரைப்படை, 2006 இல் லெபனானில் ஹிஸ்புல்லாவுடன் 34 நாட்கள் போரிட்டபோது டாங்கி, பீரங்கி, காலாட்படை ஒருங்கிணைப்பில் தடுமாறியது. இதன் எதிர்நிலையை இலங்கையில் காணலாம். மரபுவழிப் போருக்குப் பயின்ற இந்திய அமைதி காக்கும் படை, 1987 முதல் 1990 வரை கொரில்லாப் போரை எதிர்கொண்டு சுமார் 1,200 வீரர்களை இழந்தது.