தீத்தெளிப்பான் அமைப்பு

கட்டடத்தின் உட்கூரையை ஒட்டிச் செல்லும் குழாய்களில் பொருத்தப்பட்டு, வெப்பம் ஏறியதும் தானே திறந்து நீர் தெளிக்கும் அமைப்பைத் தீத்தெளிப்பான் என்கிறோம். கட்டுமானத் துறையினருக்கு அது ஸ்பிரிங்க்ளர். ஒரு மூலையில் புகை கிளம்பியதும் மாடி முழுக்க மழை கொட்டுவதாகத் திரைப்படங்கள் காட்டும் காட்சி பெரும்பாலான கட்டடங்களுக்குப் பொருந்தாது. நீர் தெளிக்கும் வாயான ‘தலை’யை வழக்கமாகப் புகை திறக்காது, வெப்பமே திறக்கும். அதுவும் அந்தத் தலை இருக்கும் இடத்து வெப்பம் மட்டும். நீர்வாயின் மூடியைத் தாங்கி நிற்பது சுண்டுவிரலைவிடச் சிறிய ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் திரவமும் ஒரு சிறு காற்றுக்குமிழும் இருக்கும். சூடேறும் திரவம் விரிந்து குமிழின் இடத்தையும் பிடித்துக்கொண்டு, மேலும் விரிய வழியில்லாமல் கண்ணாடியை உடைக்கிறது. மூடி தெறிக்க, நீர் பாய்ந்து பற்கள் கொண்ட தகட்டில் மோதிக் குடைபோல் விரிகிறது. திரவத்தின் நிறம் உடையும் வெப்பநிலையைச் சொல்லும்: ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. கொதிகலன் அறையில் சிவப்புக் குப்பியை மாட்டினால் தீ இல்லாமலே நனைய வேண்டியிருக்கும்.

இந்த அமைப்பின் வலிமை, ஒவ்வொரு தலையும் பக்கத்துத் தலையைக் கேட்காமல் தனியே முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் துளையிட்ட குழாய்கள் இருந்தன. யாராவது ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் எரியும் இடமும் எரியாத இடமும் ஒன்றாக நனையும். 1874இல் நியூ ஹேவன் நகரில் தம் பியானோ தொழிற்சாலையைக் காக்க ஹென்றி பார்மலி உருவாக்கிய தானியங்கித் தலை இந்த இரு குறைகளையும் ஒருசேரத் தீர்த்தது. ஃபிரெடரிக் கிரினெல் 1880களில் அதைச் செம்மைப்படுத்தி எங்கும் பரவச் செய்தார்.

பலரும் எழுப்பும் முதல் ஆட்சேபம் நீர்ச்சேதம். சாதாரணத் தலையொன்று 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் அளவில் தெளிக்கிறது. தீயணைப்பு வீரரின் குழாய் அதைப்போல் பல மடங்கு நீரை, தீ வளர்ந்த பிறகு, அறையறையாகப் பாய்ச்சும். தெளிப்பான் வேலை செய்த தீ நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு தலைதான் திறந்தது என்று அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் புள்ளிவிவரம் காட்டுகிறது. நனைவதா, எரிவதா என்பதல்ல கேள்வி; எவ்வளவு நனைவது என்பதே. ஆவணக் காப்பகம், கணினிக்கூடம் போன்ற இடங்களுக்கு, தனி உணர்கருவி தீயை உறுதிசெய்த பிறகே குழாய்க்குள் நீர் நுழையும் அமைப்பும் உண்டு. நீர் உறைந்துவிடும் குளிர்ப்பகுதிகளில் குழாயை அழுத்தக் காற்றால் நிரப்பி வைக்கிறார்கள்.

பெரிய கட்டடத்தில் சில தலைகளால் என்ன ஆகிவிடும் என்ற ஐயத்துக்கு ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா பதில் சொல்கிறது. 38 மாடிகள் கொண்ட அந்த அலுவலகக் கட்டடத்தின் 22ஆம் மாடியில், 1991 பிப்ரவரி 23 அன்று, ஆளி எண்ணெய் ஊறிய துணிகள் தாமாகச் சூடேறித் தீப்பிடித்தன. அந்த மாடியில் தெளிப்பான் இல்லை. மின்சாரம் போயிற்று, அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் வீரர்களின் குழாய்களில் நீர் வலுவாக வரவில்லை. மூன்று வீரர்கள் உயிரிழந்தனர். கட்டடம் இடியலாம் என்ற அச்சத்தில் உள்ளே போராடுவதையே கைவிட்டார்கள். மாடி மாடியாக ஏறிய தீ 30ஆம் மாடியில் நின்றது. அந்த மாடியில் தெளிப்பான் இருந்தது. தீயணைப்பு வண்டிகள் வெளியிலிருந்து குழாயில் ஏற்றிய நீரால் பத்துத் தலைகள் தீயைத் தடுத்தன. எட்டு மாடிகளை விழுங்கி வந்த தீயையே பத்துத் தலைகள் நிறுத்தின என்றால், 22ஆம் மாடியில் அது குப்பைக்கூடை அளவில் இருந்தபோது ஒன்றிரண்டே போதுமாயிருக்கும் என்று கருத நிறைய இடமிருக்கிறது.

ஆனால் தெளிப்பான் தோற்பதும் உண்டு. மேசைக்கடியிலோ அடுக்கின் உள்ளேயோ எரியும் தீயை நீர் நேராக எட்டாது. அங்கே அதன் வேலை தீயை அடக்கி வைப்பது மட்டுமே. கிடங்கில் சரக்கை வடிவமைப்பில் சொன்ன உயரத்துக்கு மேல் அடுக்கினால் கணக்கிட்ட நீர் போதாது. தலையே பழுதானதும் உண்டு: 1998இல் அமெரிக்காவில் ‘ஒமேகா’ வகைத் தலைகள் 80 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. இருந்தும், வேலை செய்யாத நிகழ்வுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் காரணம், யாரோ அமைப்பையே மூடி வைத்திருந்ததுதான். 1988இல் லாஸ் ஏஞ்சலிஸின் 62 மாடி ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடம் எரிந்தபோது தெளிப்பான் பொருத்தும் பணி ஏறக்குறைய முடிந்திருந்தது, நீர் மட்டும் திறக்கப்படவில்லை. ஆகவே பராமரிப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது கூரையிலுள்ள தலைகளையல்ல. தரைத்தளத்துப் பிரதான வால்வு முழுதாகத் திறந்த நிலையில் பூட்டப்பட்டிருக்கிறதா, தொட்டியில் நீர் இருக்கிறதா, அழுத்தம் இறங்கியதும் பம்ப் தானே ஓடுகிறதா என்பவற்றைத்தான்.