பாலர் விருந்தும் பட்சண வரிசையும்

திருச்சிராப்பள்ளியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இக்காலத்தில் ஒரு குழந்தையின் ஆண்டு நிறைவு மண்டபத்தில் நடக்குமானால், மேடையோரத்தில் நீண்ட மேஜை ஒன்றைப் போட்டு, அதன்மேல் துணி விரித்து, பின்புறம் பலூன்களால் வளைவு கட்டி, படிப்படியாக உயரும் தாங்கிகளில் சின்னஞ்சிறு கேக்குகளையும் சாக்லேட் உருண்டைகளையும் வண்ண மிட்டாய்களையும் அடுக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. இதை அமைத்துத் தருவதையே ஜீவனமாகக் கொண்ட அலங்காரக்காரர்களும் தோன்றியிருக்கிறார்கள். இவ்வழக்கம் முழுவதும் மேல்நாட்டிலிருந்து இறங்கிய சரக்கு என்பதே பெரும்பாலோரின் அபிப்பிராயம். மேஜையும் கேக்கும் அவ்வாறு வந்தவையே என்பதில் ஐயமில்லை; ஆயினும் ஒரு குழந்தையின் பிறந்த நாளை முன்னிட்டுத் தின்பண்டங்களை வகை வகையாகச் செய்து, வரிசைப்படுத்தி, கண்ணுக்கு நிறைவாகப் பரப்பி, பின்பு ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் சம்பிரதாயம் காவிரிக் கரையில் வேரூன்றிய ஒன்று. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போகிறவன் ஆழ்வாரின் பாசுரத்தில் தொடங்கி, மணப்பாறை ரயில் நிலையத்தைக் கடந்தே இன்றைய மண்டபத்துக்கு வந்துசேர வேண்டியவனாகிறான்.

கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணிக்கும் பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடிய திருமொழியில், யசோதை அவனை நீராட அழைக்கும் பகுதி ஒன்று உண்டு. அன்று அவனது பிறந்த நட்சத்திரம். பிள்ளையோ புழுதியளைந்த மேனியோடு எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பயந்து ஓடுகிறான். தாய் அவனைத் தடுத்து நிறுத்துவதற்குக் கையாளும் உபாயங்களில் ஒன்று, அப்பமும் பாலும் வெல்லமும் கலந்த சிற்றுண்டிகளைச் சுட்டு வைத்திருக்கிறேன், தின்ன வேண்டுமானால் குளித்துவிட்டு வா என்பது. அதே நூலில் வேறோரிடத்தில் ஓர் ஆய்ச்சி வந்து முறையிடுகிறாள்: கருப்பஞ்சாற்று வெல்லத்தில் பிடித்த லட்டும் சீடையும் கருப்பு எள்ளுருண்டையும் பாத்திரங்களில் இட்டு வைத்து, தன் வீடுதானே என்ற நம்பிக்கையில் சற்று வெளியே போயிருந்தாளாம், திரும்பி வருவதற்குள் இந்தப் பிள்ளை புகுந்து அவற்றைத் தீர்த்துவிட்டானாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தப் பட்டியலில் உள்ள மூன்று பண்டங்களும் இன்றளவும் கண்ணனின் பிறந்தநாள் பண்டிகையாகிய ஸ்ரீஜயந்தித் தட்டில் இடம்பெறுபவை. விருந்துக்கு வைத்ததை விருந்துக்கு முன்பே ஒரு பிள்ளை எடுத்துவிடுவதும் அன்று தொட்டு மாறாதிருப்பதைத் தாய்மார் அறிவார்கள்.

ஸ்மார்த்தர் இல்லங்களில் கோகுலாஷ்டமி என்றும், ஸ்ரீவைஷ்ணவர் இல்லங்களில் ஸ்ரீஜயந்தி என்றும் வழங்கப்பெறும் அப்பண்டிகையைக் குழந்தைக்கான பிறந்தநாள் விருந்தின் மூலவடிவம் என்று சொல்லலாம். வாசற்படி தொடங்கிப் பூஜையறை வரையில் அரிசிமாவினால் சின்னப் பாதங்கள் இடப்படும். அப்பாதங்கள் போய் முடியும் இடத்தில் கோலமிட்ட மணையும், அதற்கு முன்னால் தலைவாழை இலைகளும் பித்தளைத் தாம்பாளங்களும் இருக்கும். உப்புச்சீடை, வெல்லச்சீடை, தட்டை, தேன்குழல், முறுக்கு, அப்பம், எள்ளுருண்டை என்பன ஒரு புறமும், வெண்ணெய், அவல், வெல்லம், தயிர் என்பன இன்னொரு புறமும், ஆவணி மாதத்தில் கிடைக்கும் நாவற்பழமும் விளாம்பழமும் மற்றொரு புறமுமாகப் பரப்பப்படும். கண்ணன் நள்ளிரவில் பிறந்தவன் ஆகையால், பட்சணங்களை மடியாகச் செய்து முடித்த பின்பும், நிவேதனம் ஆகும் வரையில் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைத் தொடலாகாது என்பது நியமம். மறுநாள் உறியடி, அன்று பட்சணம் தெருவெங்கும் விநியோகமாகும்.

இந்தக் காத்திருத்தலே நம்முடைய பட்சண சாஸ்திரத்தை உருவாக்கிற்று என்பது எமது கருத்து. செய்த பொழுதுக்கும் தின்னும் பொழுதுக்கும் இடையில் ஒரு பகலும் இரவும் கழிய வேண்டுமென்றால், அவ்வளவு நேரமும் கெடாமலும் நமுக்காமலும் இருக்கக்கூடிய பண்டமே அவ்வரிசையில் நிலைக்கும். திருச்சிராப்பள்ளியின் வெக்கையும் ஆவணி மாதத்து ஈரக் காற்றும் பாலினாற் செய்த மென்பண்டங்களுக்குப் பரம விரோதிகள். ஆகவே மாவிலுள்ள நீர் முழுவதும் எண்ணெயில் வெந்து வற்றிப்போகும் உலர்ந்த பட்சணங்களே பிரதானமாயின. அந்த நீர் சரிவர வெளியேறாவிட்டால் நேரும் விபரீதத்துக்குச் சீடையே சாட்சி. மேல் ஓடு முதலில் இறுகிக்கொண்டு உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகி வழி தேடும்போது, சீடை படாரென்று வெடித்து, கொதிக்கும் எண்ணெயை அடுப்படி முழுவதும் இறைத்துவிடும். இதனாலேயே மாவைச் சல்லடையில் இருமுறை சலிப்பதும், உளுந்தைச் சிவக்க வறுத்து அரைப்பதும், உருண்டைகளை அழுத்தி உருட்டாமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டுத் துணியில் பரப்பி உலர்த்துவதும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த பாடங்களாயின.

பண்டம் உலர்ந்ததாயின், அதை அழகுபடுத்துவதற்கு மேலே பூசவோ தூவவோ இடமில்லை. அழகு முழுவதும் அதன் வடிவத்திலேயே அமைய வேண்டும். கைமுறுக்கைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அரிசிமாவும் சிறிது உளுத்தமாவும் வெண்ணெயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்த மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டே மறுபக்கம் வளைத்து, வெள்ளைத் துணியின்மேல் வட்டத்துக்குள் வட்டமாக விட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி மாறக்கூடாது. முறுக்கின் திருகல் எவ்விடத்திலும் தளரக்கூடாது. ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று தொடங்கிக் கல்யாணச் சீருக்கு ஒன்பதும் பதினொன்றுமாகச் சுற்றுக்கள் ஏறும். எண்ணிக்கையும் அலங்காரத்தின் ஓர் அங்கமே. சீர் பட்சணங்களை 21, 51, 101 என ஒற்றைப்படையில் வைப்பதே மரபு. தட்டு குறைந்தால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பதும், முறுக்கு உடைந்திருந்தால் கண்ணிற் படாத அடித்தட்டுக்கு அது போவதும், அந்தக் கணக்கில் அடங்கிய சங்கதிகள்.

இவ்வரிசைக்குச் சிகரமாக நிற்பது பருப்புத் தேங்காய். பிராமணர் இல்லங்களில் கல்யாணம், உபநயனம், ஆண்டு நிறைவு ஆகிய எந்தச் சுபகாரியத்துக்கும் ஜோடியாக இது இருந்தே தீரவேண்டும். கூம்பு வடிவான உலோகக் கூட்டின் உட்புறத்தில் நெய் தடவி, வெல்லப்பாகில் புரட்டிய தேன்குழல் துண்டுகளை, அதாவது மனோகரத்தை, சூடு ஆறுவதற்குள் கை பொறுக்கப் பொறுக்க அழுத்தி அடைப்பார்கள். பாகு முற்றினால் கூட்டிலிருந்து வெளிவராது. இளகினால் வெளிவந்ததும் சரிந்துவிடும். பதம் வாய்த்த கூம்பு அசையாமல் நிற்கும். அதற்கு வண்ணக் காகிதமும் ஜிகினாவும் சுற்றித் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் அந்தச் சபைக்கே அது ராஜகோபுரம். மனோகரத்தின் பெருமை வீட்டோடு நின்றதன்று. திருமலைக் கோவில் கல்வெட்டுக்களில் அப்பம், அதிரசம், சுகியன் இவற்றோடு மனோகரத்துக்கும் தனிப் படித்தரம் ஏற்படுத்திய செய்திகள் காணப்படுகின்றன.

மேல்நாட்டிலும் இதே எண்ணம் இதே வடிவத்தைத் தேடிக்கொண்டதென்பது வியப்புக்குரியது. பிரெஞ்சு தேசத்தில் 1784 முதல் 1833 வரை வாழ்ந்த அந்தோனின் கரேம் என்னும் சமையல் மேதை, கட்டடக் கலையின் சித்திரங்களைப் பார்த்துப் பயின்று, சர்க்கரையாலும் பாதாம் பசையாலும் கோவில்களையும் மண்டபங்களையும் இடிந்த கோட்டைகளையும் சமைத்து அரசர்களின் விருந்து மேஜையில் நிறுத்தியவர். அந்நாட்டில் கல்யாணத்துக்கும் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் இன்றும் வைக்கப்படும் கிரோகம்பூஷ் என்பது, சிறு மாவுருண்டைகளைக் காய்ச்சிய சர்க்கரைப் பாகினால் ஒட்டி எழுப்பிய கூம்பேயாகும். இரண்டு தேசத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்தவர்களல்லர். பாகு இறுகும் தன்மையும், உயர்ந்து நிற்பதைக் கண்டு உள்ளம் மகிழும் மனித சுபாவமும் இருவருக்கும் பொதுவாக இருந்தன.

அக்கிரகாரங்களுக்கு அப்பால், மணப்பாறை வட்டாரத்துக் கிராமங்களிலே, பட்சண வரிசைக்கு உரிய மேடை காதணி விழாவாகும். குலதெய்வத்தின் சந்நிதியில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தும் அவ்வைபவத்துக்கு, மாமன் வீட்டார் மேளதாளத்தோடு தட்டுக்களை ஏந்தி வீதியில் வருவார்கள். பழம், பூ, துணிமணி, விளையாட்டுச் சாமான் இவற்றோடு லட்டும் ஜிலேபியும் முறுக்கும் அதிரசமும் கோபுரமாகக் குவிக்கப்பெற்று, கண்ணாடித் தாளால் மூடிய தட்டுக்கள் அவை. இங்கே மேஜை நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஊர் முழுவதும் பார்க்கும்படி வீதியில் நடந்து வருகிறது. எத்தனை தட்டு என்று திண்ணையில் இருப்பவர்கள் எண்ணுவதும், அந்த எண்ணிக்கை மாமனுடைய கௌரவமாக நெடுநாள் பேசப்படுவதும் உண்டு. அலங்காரத்தின் பேரில் கடன் ஏறும் துன்பமும் இதே வழியில்தான் வந்தது. பழமை என்பதற்காக அதை மறைத்துப் பேசுவது நியாயமன்று.

இத்தனை பட்சணத்தையும் வீட்டுப் பெண்களே செய்துவந்த காலம் மெல்ல மாறியது. கைத்திறன் உள்ள பெண்கள், பெரும்பாலும் கணவனை இழந்து வேறு ஆதரவில்லாதவர்கள், பிறர் வீட்டுச் சீருக்குக் கூலிக்கு முறுக்குச் சுற்றப் போயினர். இல்லத்துச் சடங்காக இருந்தது இவ்விதம் தொழிலாகத் தலைப்பட்ட வேளையில், அதற்கு அங்காடியைத் திறந்துவிட்டது ரயில். தென்னிந்திய ரயில்வே 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை போட்டபொழுது, மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறை அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. வண்டி நிற்கும் சில நிமிஷங்களுக்குள் ஜன்னல் வழியாக விற்று, பிரயாணி மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போய்ச் சேர்ந்து தன் குழந்தைகளின் கையில் கொடுக்கும் வரையில் மொறுமொறுப்பு மாறாமல் இருக்கவேண்டிய பண்டம் எதுவோ, அதுவே அங்கே செழிக்க முடியும். நிவேதனத்துக்காகக் காத்திருக்கப் பழகிய முறுக்கு, பிரயாணத்துக்கும் தகுதியுடையதாக இருந்ததில் அதிசயமில்லை.

மணப்பாறையார் அத்தகுதியைப் பின்னும் உயர்த்தினார்கள். அரிசிமாவில் ஓமமும் சீரகமும் எள்ளும் உப்பும் சேர்த்து, அச்சில் பிழிந்து, முதலில் ஓரளவு வேகவிட்டு எடுத்து ஆறவைக்கிறார்கள். பின்னர் மறுபடியும் எண்ணெயில் இட்டுப் பொன்னிறமாகப் பொரிக்கிறார்கள். முதல் வேக்காட்டில் எஞ்சிய ஈரம் இரண்டாவது வேக்காட்டில் ஒழிந்துபோவதால், வாயிலிட்டதும் நொறுங்கும் லட்சணமும் பல நாள் கெடாத உறுதியும் ஒருங்கே அமைகின்றன. ஊரார் தங்கள் தண்ணீரில் இயற்கையாக உள்ள சிறிய உவர்ப்பையும் சுவைக்குக் காரணமாகச் சொல்வார்கள். அரசாங்கத்தார் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது 2023-ஆம் ஆண்டில். அந்த முத்திரையால் பெயருக்குக் காப்புக் கிடைத்தது. அடுப்பின் அனலுக்கு முன்னால் நாள்தோறும் உட்காருகிறவர்கள், அதற்கு முன்னும் பின்னும், குடிசைத் தொழிலாக அதை நடத்திவரும் குடும்பத்துப் பெண்களே.

கேக்கு வந்த வழியும் ஒருவகையில் ரயில்வழியே. மலையாளக் கரையில் தலச்சேரி மாம்பள்ளி பாப்பு 1883-இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக்கு செய்து கொடுத்த கதை பிரசித்தம். திருச்சிராப்பள்ளிக்கோ அது பெரும்பாலும் ரயில்வே உத்தியோகஸ்தர்களோடு வந்து சேர்ந்தது எனலாம். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே தொழிற்சாலை 1928-ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளியின் பொன்மலைக்கு இடம் மாறியபோது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. அவர்களுடைய கிறிஸ்துமஸ் மேஜையில் கேக்குக்குப் பக்கத்திலேயே அச்சுமுறுக்கும் கல்கலும் இருந்தன என்பது கவனிக்கத் தக்கது. எண்ணெயில் பொரித்து டப்பாவில் அடைத்து வைக்கும் பண்டமில்லாமல் இந்தச் சீதோஷ்ணத்தில் எந்த மதத்தாரின் பண்டிகையும் நிறைவேறவில்லை.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு இன்றைய மேஜையைப் பார்த்தால், அதன் குறை எங்கே இருக்கிறதென்று தெளிவாகும். அது அந்நியமானது என்பது குறையாகாது. லட்டும் ஒரு காலத்தில் எவரோ ஒருவருக்குப் புதியதாகவே இருந்திருக்கும். சித்திரை மாதத்து மண்டபத்தில் இரண்டு நாழிகைகூடத் தாங்காமல் உருகும் வெண்ணெய்ப் பூச்சை நம்பி நிற்பதும், பார்ப்பதற்கென்று ஒன்றும் தின்பதற்கென்று வேறொன்றும் வைப்பதும், படம் எடுத்து முடிந்ததும் மிச்சத்தை வழித்துக் கொட்டுவதுமே குறைகள். பழைய வரிசையில் காட்சிக்கு வைத்ததே பிறகு பங்கிடப்பட்டது. பங்கிட்டதில் எதுவும் வீணாகவில்லை. மணப்பாறை முறுக்கை ஐந்தைந்தாக அடுக்கி, நடுவில் மனோகரக் கூம்பு இரண்டை நிறுத்தி, சுற்றிலும் எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் வைத்து, விடைபெறும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அவற்றிலிருந்தே ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பும் வீடுகள் இப்போது மீண்டும் தென்படத் தொடங்கியிருக்கின்றன. அவ்வாறு செய்ய நினைப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: பலூன் கட்டுகிறவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, முறுக்குச் சுற்றுகிறவளிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுவது முறையாகாது. அந்த மேஜையில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது எதுவோ, அது அவள் விரலிலிருந்து வந்தது.