ஏறிப் போகும் வீடு, இறங்கிப் போகும் வீடு

சென்னை ஆவடியை ஒட்டிய அண்ணனூரில் ஒரு வீட்டின் வயதை அறியப் பத்திரத்தைப் புரட்ட வேண்டாம். வாசல்படியை எண்ணினால் போதும். தெருவிலிருந்து நாலைந்து படி ஏறிப் போனால் 2015 மழைக்குப் பிறகு கட்டியது. தெருவும் வாசலும் ஒரே மட்டமாக இருந்தால் தொண்ணூறுகள். தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால், அனேகமாக எண்பதுகளில் கட்டியது. வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். டேப்பைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதிக் கணக்கு வாசலில் முடிந்துவிடும்.

விற்கிற வீட்டுக்காரர்கள் நேராகச் சமையலறைக்குத்தான் அழைத்துப் போவார்கள். கறுப்பு கிரானைட் மேடை, மாடுலர் அலமாரி, ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருக்கும் நீல விளக்கு. எல்லாம் அழகுதான். நான் குனிந்து கதவு நிலையின் அடிப்பாகத்தைப் பார்ப்பேன். மரம் அங்கே கறுத்து உளுத்திருக்கிறதா, புதுப் பெயின்டுக்கு அடியில் சுவர் உப்புப் பூத்திருக்கிறதா, பிளக் பாயின்ட் மட்டும் ஏன் இடுப்பு உயரத்துக்குப் போயிருக்கிறது, பீரோ ஏன் செங்கல் மேல் நிற்கிறது. வெள்ளம் வந்து போன வீடு எவ்வளவு பூசினாலும் உண்மையைச் சொல்லிவிடும். இந்தப் பக்கத்தில் நாற்பது வருஷமாக வீட்டின் விலையைத் தீர்மானித்த மராமத்து டைல்ஸும் இல்லை, கிரானைட்டும் இல்லை. பேஸ்மட்டத்தின் உயரம்தான்.

பழைய ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. தொண்டை மண்டலத்து ஊர்கள் எல்லாவற்றையும் போல இங்கும் குடியிருப்பு நத்தம் மேட்டில் இருந்தது. பள்ளம் வயலுக்கு, அதற்கும் மேலே ஏரி. தெற்கே அயப்பாக்கம் ஏரி, மேற்கே பருத்திப்பட்டு ஏரி, கிழக்கே அம்பத்தூர் ஏரி என்று தண்ணீர் நடுவில் உட்கார்ந்திருக்கிற பூமி இது. ஓட்டு வீடோ ஓலை வீடோ, முன்னால் திண்ணை உயரமாக இருந்தது. திண்ணை வழிப்போக்கர் உட்காரக் கட்டியது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். மழைக்காலத்தில் நெல் மூட்டை நனையாமல் இருக்கவும் அது வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ரயில் இந்த வழியாக 1856-லேயே போய்விட்டது. ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை ஆவடியைக் கடந்துதான் போகிறது. மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்ட பாதை. வெள்ளைக்காரன் தண்டவாளத்துக்குப் பேஸ்மட்டம் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான் அப்போதைக்கு. மனை வாங்க ஆள் வந்தது நூறு வருஷம் கழித்து. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, 1955-இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1961-இல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட். 1979 நவம்பரில் திருவள்ளூர் வரை மின்சார ரயிலுக்கு வழி பிறந்தது. ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இடம் வேண்டும், கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். நத்தம் மேட்டில் இடம் ஏது? நஞ்சையில் கல் நட்டார்கள். நேற்று வரை நாற்று நின்ற வயல், இன்றைக்கு இந்த நகர், அந்த நகர்.

என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டர். ஹவுஸ் பில்டிங் அட்வான்ஸ் போட்டு 1984-இல் வீட்டுக்கு வாணம் தோண்டினார். அந்தக் காலத்து வீடுகள் ஏன் தாழ்வாக இருக்கின்றன என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். சிமெண்ட் அன்று சர்க்கார் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-இல் பாதி தளர்ந்தது, 1989-இல்தான் முழுசாக நீங்கியது. பர்மிட் சிமெண்ட் மூட்டையை நகைபோல எண்ணிச் செலவழித்தார்கள். தளத்துக்கு வைத்துக்கொண்டு, கடைக்கால் வேலையை மண் சாந்தில் முடித்த வீடுகள் நிறைய. பேஸ்மட்டத்தை ஓர் அடி உயர்த்தினால் செங்கல் எவ்வளவு, உள்ளே நிரப்பும் மண் எத்தனை வண்டி என்று அப்பா கணக்குப் போட்டார். மண் ரோட்டிலிருந்து இரண்டடி போதும் என்று முடிவானது. தேசியக் கட்டட விதித் தொகுப்பு சுற்றுத்தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் என்கிறது. அதைவிட அதிகம்தானே? இன்னும் ஓர் அடி போடலாமா என்று அம்மா கேட்டதற்கு மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, ரோடு என்ன மரமா, வளர்றதுக்கு?"

ரோடு வளர்ந்தது. மண் மேல் ஜல்லி, ஜல்லி மேல் தார், பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், பைப் போடத் தோண்டிய பிறகு மறுபடியும் ஒரு தார், கடைசியாக சிமெண்ட் ரோடு. ஒவ்வொரு முறையும் தெரு சந்தோஷப்பட்டது. ரோடு போட்டால் மனை விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அதே ரோடு தாழ்ந்த வீட்டின் விலையைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. பழைய ரோட்டை மில்லிங் செய்து, அந்த மட்டம் உயராமல்தான் புது ரோடு போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டது 2021-இல். அதற்குள் எங்கள் தெரு வாசற்படிகள் எல்லாம் தாருக்குள் போய்விட்டன.

வெளியே ரோடு வளர, உள்ளே தரையும் வளர்ந்தது. அப்பா போட்டது சிவப்பு ஆக்சைடு தரை. என் கல்யாணத்துக்கு முன்னால் அதன் மேல் மொசைக். மெஷின் வைத்து இழைத்த மொசைக் சேறு வீடெல்லாம் ஓடியது நினைவிருக்கிறது. பின்னால் அதன் மேல் மோர்பியிலிருந்து வந்த வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ். ஒவ்வொன்றுக்கும் கதவுகளை அடியில் அறுத்தோம். இதையெல்லாம் 'வீட்டை இம்ப்ரூவ் பண்ணியது' என்றுதான் சொல்லிக்கொண்டோம். ஆக்சைடு தரை இருந்திருந்தால் இன்றைக்கு வாங்க வருகிற இளைஞர்கள் கொண்டாடுவார்கள், அது வேறு கதை. 2003-இல் மழைநீர்த் தொட்டி கட்டாயமானபோது அதையும் ஒழுங்காகத் தோண்டினோம். எங்கள் களிமண்ணில் அது தண்ணீரைக் குடிக்கவில்லை. கார்த்திகையில் நிரம்பித் திருப்பிக் கொடுத்தது.

1985, 1996, 2005 என்று பெருமழைகள் வந்து போயின. கணுக்கால், முழங்கால். துடைத்துவிட்டு மறந்தோம். 2015 டிசம்பரை மறக்க முடியவில்லை. அதன் பிறகு 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் வருவது மழைத் தண்ணீர் மட்டும் என்று நினைப்பவர்கள் தாழ்ந்த வீட்டில் இருந்ததில்லை. செப்டிக் டேங்க் குளியலறை வழியாகத் திரும்பி வரும். தெருவுக்குக் கீழே போய்விட்ட சம்ப் மூடி வழியாகச் சாக்கடை குடிதண்ணீரில் கலக்கும். மழை விட்ட பிறகுதான் செலவே ஆரம்பிக்கும்.

அப்போதுதான் மக்கள் இரண்டு வழிகளில் பிரிந்தார்கள். முதல் வழி, உள்தரையை ஏற்றுவது. ரப்பீஸ் கொட்டி, இடித்து, மேலே டைல்ஸ். செலவு குறைவு, வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஆனால் பத்தடி உயர அறை எட்டடி ஆகிவிடும். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்பது விதி. சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் ஃபேன். லிண்டல் கீழே வந்துவிடுவதால் உயரமான மாப்பிள்ளை தலை குனிந்துதான் உள்ளே வர முடியும். பணம் செலவழித்து விலையைக் குறைத்துக்கொள்ளும் மராமத்து என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். எங்கள் வீட்டில் செய்ததும் இதுவே. வீட்டையே தூக்கும் ஜாக்கி மேல் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது வழி அந்த ஜாக்கி. ஹரியானாவின் யமுனா நகர்ப் பக்கத்திலிருந்து வந்த குழுக்கள் சென்னையில் வீடு தூக்கும் தொழிலைப் பரப்பின. முதலில் உள்தரையைச் சுவரோரமாகத் தோண்டுவார்கள். கடைக்காலுக்கு மேலே சுவரைத் துண்டு துண்டாகக் குடைந்து, இரும்புச் சேனலைக் கொடுத்து, அதற்கடியில் வரிசையாக ஜாக்கி. சுவர் முழுக்கக் கடைக்காலிலிருந்து விடுபட்டு ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்த பிறகு ஒருவர் குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பிடியை ஒரு சுற்றில் கால்பங்கு திருப்புவார்கள். மறுபடி குரல், மறுபடி கால்பங்கு. கண்ணுக்கு எதுவும் அசைந்ததாகத் தெரியாது. சுவரில் குறித்த கோடு மட்டும் சொல்லும். வேண்டிய உயரம் வந்ததும் இடைவெளியில் செங்கல் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவி, அந்தப் பொந்துகளை அடைப்பார்கள். கீழே இந்த வேலை நடக்க, மாடியில் குக்கர் விசில் அடித்ததை நானே கேட்டிருக்கிறேன். வீடு ஏறிவிடும், ஆனால் தரை கீழேயே இருக்கும். மண் நிரப்பி, புதுத் தரை போட்டு, படி, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு எல்லாம் மறுபடியும். ஜாக்கிக்காரர் கேட்கிற தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் பாதியில் திணறினார்கள்.

உலகத்தில் இதை முதலில் பெரிய அளவில் செய்தது சிகாகோ. ஏரிக்கரைச் சேற்றில் தாழ்வாக எழுந்த நகரம். சாக்கடை போடச் சரிவு இல்லை. 1855-இல் பொறியாளர் செஸ்ப்ரோ சொன்ன யோசனை, சாக்கடையைத் தரைக்கு மேல் போட்டு, தெருவை உயர்த்தி, பிறகு கட்டடங்களை அந்த மட்டத்துக்குத் தூக்கிவிடுவது. 1860-இல் லேக் தெருவில் 320 அடி நீளமுள்ள ஒரு கடை வரிசையையே 6,000 திருகு ஜாக்கிகளும் 600 ஆட்களும் ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் தூக்கினார்கள். உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் வீடு தூக்கிப் பேர் வாங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் புல்மன். பின்னால் தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டி செய்து உலகப் புகழ் அடைந்தவர் அவரேதான். ரயில் பெட்டி செய்தவர்களின் வீடுகளைத் தூக்க நேர்ந்த எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொன்னால் ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். காரர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

சிகாகோவில் முதலில் தெருவின் மட்டம் முடிவானது, வீடுகள் அதற்குப் பின்னால் ஏறின. இங்கே அவரவர் கையிருப்பே அவரவர் மட்டம். ஒருவர் மூன்றடி தூக்கினால் அவர் மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். சொந்த வீட்டின் மதிப்பை உயர்த்தும் அதே வேலை அண்டை வீட்டின் மதிப்பைக் கரைக்கிறது. டைல்ஸ் போட்டவர் மேல் யாரும் கோபப்பட்டதில்லை. தூக்கியவரோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு.

மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. நிலத்துக்குச் சந்தை விலை, கட்டடத்துக்குப் பரப்பளவு, வயதுக்கேற்ற தேய்மானம். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்குத் தெரு மாறும், மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் மாறாது. 2017-இல் அதை 33 சதவீதம் குறைத்தபோதும் 2023-இல் பழையபடி ஏற்றியபோதும் இரண்டு வீடும் சேர்ந்தே இறங்கி ஏறின. உயரத்துக்கு நிகராக விலையைப் புரட்டிப் போட்ட இன்னொன்று காகிதம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், நஞ்சையில் கல் நட்டு விற்ற பல மனைகளில் இருந்த அரண்மனைகளும் விற்க முடியாமல் நின்றன. அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, கட்டணம் கட்டி ஆணை வாங்கியவர்கள் தப்பினார்கள். அந்த ஒரு தாளுக்குச் செய்த செலவு, என் அனுபவத்தில், எந்த மாடுலர் கிச்சனைவிடவும் அதிகம் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

வாங்குகிறவர்களும் விவரமாகிவிட்டார்கள். விற்கிறவர் மாசி, பங்குனியில் போர்டு மாட்டுகிறார். தெரிந்தவர் ஐப்பசியில் வந்து, வீட்டுக்குள் நுழையாமல் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே, "போன மழையில இங்க எவ்ளோ நின்னுச்சுண்ணே?" என்று கேட்கிறார். அந்தக் கடைக்காரர் சொல்கிற பதில் என் அறிக்கையைவிட நம்பகமானது.

போன மாதம் பின்தெருவில் ஒரு வீடு பார்த்தேன். இருபுறமும் தூக்கிய வீடுகள், நடுவில் இது. உள்ளே புத்தம் புதிய இத்தாலிய மார்பிள். முன்வாசல் தெருமட்டத்துக்கு இத்தனை அங்குலம் கீழே என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா மேடம் என்று வீட்டுக்காரர் கேட்டார். முடியாது சார் என்றேன். வேண்டுமானால் ஜாக்கிக்காரர் நம்பர் தருகிறேன் என்று சொன்னதற்கு, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றார்.