காவலூர் 2.34 மீட்டர்: நம் கைகள் செய்த தொலைநோக்கி

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர், 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய வானாய்வகத்தில் இருக்கிறது. கருவி அசையாமல் நிற்க அங்கே ஒரு பெருங்கருங்கல் தூணை நட்டார்கள். கட்டடத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெட்டிய வாசகமும் அதில் இன்றும் உள்ளன. தூணின் மேல் ஏறிய கருவியோ இங்கிலாந்தில் செய்தது. 1899-இல் பணி கொடைக்கானலுக்குச் சென்ற பின்னும் பெரிய கருவிகள் கடல் கடந்தே வந்தன. அந்த நிலையை மாற்றியதுதான் காவலூர். இவ்வளவு பெரிய தொலைநோக்கியை நாமே செய்வது என்று துணிந்தவர்களையும், செய்து முடித்தவர்களையும் இம்மலரில் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

மலையைத் தேர்ந்தவர்

சென்னையில் பிறந்து, ஐதராபாத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் பயின்றவர் வைணு பாப்பு. ஒலின் வில்சனுடன் சேர்ந்து 1957-இல் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு ‘வில்சன் - பாப்பு விளைவு’ என்று உலகெங்கும் பாடமாகிறது. 1960-இல் கொடைக்கானல் வானாய்வக இயக்குநராகப் பொறுப்பேற்றதும், இரவு வானுக்கென்று ஒரு தனி இடம் தேடத் தொடங்கினார். தேடல் ஜவ்வாது மலையில் காவலூரில் முடிந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். நகர வெளிச்சம் எட்டாத காடு. வட அட்சம் பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் கண்ணுக்கு வரும்.

1968-இல் அங்கே நின்ற முதல் தொலைநோக்கி 38 செ.மீ. விட்டமுடையது. அதைச் செய்தவர்கள் நிறுவனத்தாரே. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் யெனா நகரிலிருந்து, கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அதே ஆண்டில் பதிவுசெய்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்குச் சான்று தந்ததும், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வில் பங்குகொண்டதும் காவலூரின் பெருமைகள்.

அடுத்த பெருங்கருவியையும் வாங்கிவிடலாம் என்று சொல்ல அப்போது காரணம் நிறைய இருந்தது. பாப்பு அவர்கள் வேறு வழியைத் தேர்ந்தார். 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டுவது என்று முடிவானது.

கண்ணாடி

வெளியிலிருந்து தவிர்க்க முடியாமல் வந்தது ஒன்று, மூலக் கண்ணாடிப் பாளம். சாதாரணக் கண்ணாடி இரவு குளிரக் குளிரச் சுருங்கும். சுருங்கினால் வடிவம் குலையும். ஆகவே வெப்ப மாற்றத்தால் ஏறக்குறைய விரியாத ‘ஸெரோடூர்’ என்ற கண்ணாடிப் பீங்கானை ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திடமிருந்து பெற்றார்கள். வந்தது வெறும் பாளம்தான். அதை ஆடியாக்கியது பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியல் கூடம்; தலைமை தாங்கியவர் ஏ. பி. ஜெயராஜன்.

இந்த ஆடியின் குவியத் தொலைவு அதன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்றேகால் மடங்கு. கணக்குப் போட்டால், 2.34 மீட்டர் அகலத்துக்கு நடுப்பள்ளம் நாலரை சென்டிமீட்டர்தான். முதலில் உராய்பொடியால் தேய்த்துக் கோளக் குழிவு எடுக்க வேண்டும். பிறகு கோளத்தைப் பரவளையமாக மாற்ற வேண்டும். இரண்டு வடிவங்களையும் மையத்தில் பொருத்திப் பார்த்தால், விளிம்பில் அவற்றுக்குள்ள வேறுபாடு 0.07 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். அந்த முடியளவை விளிம்பு முதல் மையம் வரை சீராகப் பிரித்து எடுப்பதுதான் வேலை. கடைசிக் கட்டத்தில் அனுமதிக்கப்படும் பிழை, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆடியில் உள்ள பிழை எதிரொளிக்கும்போது இரட்டிப்பாகும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

இந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. மெருகேற்றும்போது உராய்வால் கண்ணாடி சூடேறும். சூடு தணியும்வரை காத்திருந்து, சோதித்து, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று குறித்து, மறுபடி கருவியை ஓட்ட வேண்டும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அந்த இடத்தில் கண்ணாடியைத் திரும்ப வைக்க முடியாது. முழுப் பரப்பையும் அந்த ஆழத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையும் கைப்பழக்கமும் கணக்கும் ஒன்றுசேர்ந்தால்தான் இப்படியொரு ஆடி பிறக்கும்.

எஃகு

டன் கணக்கில் எடையுள்ள ஆடியைச் சுமந்துகொண்டு, விண்மீனோடு சேர்ந்து நகர வேண்டியது எஃகுச் சட்டகம். இதன் வடிவமைப்பில் டாடா கன்சல்டிங் எஞ்சினியர்ஸ் துணைநின்றது. கட்டித் தந்தது, சர்க்கரை ஆலை இயந்திரங்களுக்குப் பேர்பெற்ற மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ்.

காவலூரின் அட்சம் இங்கே ஒரு சோதனையானது. தொலைநோக்கியின் துருவ அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். நில நடுக்கோட்டுக்கு அருகே அது கிட்டத்தட்டப் படுத்த நிலைக்கு வந்துவிடும். காவலூரில் தரையோடு பன்னிரண்டரை பாகைதான். இப்படிப் படுத்த அச்சின் ஒரு முனையில் மட்டும் பாரத்தைத் தொங்கவிட்டால் சட்டகம் வளையும். எனவே இரு முனையிலும் தாங்கும் நுகத்தடி அமைப்பை எடுத்து, வடமுனையில் குதிரைலாட வடிவ வளையத்தைப் பொருத்தினார்கள். பாரம் சமமாகப் பரவியது. லாடத்தின் திறந்த வாய் வழியே வடதுருவப் பகுதியையும் பார்க்க முடிந்தது.

அலுமினியம்

கண்ணாடி எவ்வளவு வழவழப்பானாலும் விழும் ஒளியில் சிறு பங்கையே திருப்பும். எதிரொளிப்பது அதன்மேல் படியும் அலுமினியப் படலம். காற்று நீக்கிய கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் படியவைக்கிறார்கள். மலைக் காற்றின் ஈரமும் தூசியும் படலத்தை மங்கச்செய்யும் என்பதால் அதை அவ்வப்போது கரைத்துப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஆடியை ஒவ்வொரு முறையும் மலையிறக்குவது ஆகாது. பூச்சுக் கலத்தையே காவலூரில் நிறுவினார்கள்.

நிறைவும் தொடர்ச்சியும்

1982 ஆகஸ்ட் 19 அன்று பாப்பு அவர்கள் மியூனிக்கில் காலமானார். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த காலம் அது. தொலைநோக்கி இன்னும் முடியவில்லை. அடுத்து இயக்குநரான ஜே. சி. பட்டாச்சார்யாவும் உடனிருந்தவர்களும் அதை முடித்துக் காட்டினார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்து, வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016-இல் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கும்வரை இந்தியாவின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கி இதுவே. முதன்முதல் 38 செ.மீ. கருவியைவிட ஏறக்குறைய 38 மடங்கு ஒளியை இது திரட்டுகிறது.

காவலூரில் கற்ற பாடம் காவலூரோடு நிற்கவில்லை. 2015 செப்டம்பர் 28 அன்று விண்ணுக்குச் சென்ற ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி, நிறுவனத்தின் ஹொஸ்கோட் வளாகத்திலுள்ள எம். ஜி. கே. மேனன் ஆய்வகத்தின் தூய அறையில் ஒன்றுசேர்க்கப்பட்டது. அங்கே எதிரி கண்ணுக்குத் தெரியாத கறை. ஆடியில் படியும் சில மூலக்கூறுப் படலங்களே புறஊதாக் கதிரை விழுங்கிவிடும். அதனால் பசை, கம்பி, வண்ணம் எல்லாம் தேர்ந்தெடுத்தவை. விண்ணுக்குச் சென்ற பிறகும் கலத்திலிருந்து கசியும் ஆவி அடங்கட்டும் என்று இரண்டு மாதம் மூடி திறக்காமல் காத்தார்கள். அந்தக் கருவி 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து புறப்பட்ட புறஊதாக் கதிரைப் பிடித்ததை 2020-இல் உலகம் அறிந்தது.

வாங்கிய கருவியில் ஆய்வு செய்யலாம். செய்த கருவி அடுத்த கருவிக்கான கைகளையும் தரும். கண்ணாடி தேய்த்தவர், எஃகை இழைத்தவர், வெற்றிடக் கலத்துக்குக் காவலிருந்தவர் ஆகியோரில் பலரின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. ஆனாலும் காவலூரில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு நிறமாலையிலும் அவர்கள் உழைப்பு உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். அவர்களிடமிருந்து தொழில் கற்று இன்று கூடங்களில் நிற்கும் இளையோருக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த பெருங்கருவிக்கான திட்டம் மேசைக்கு வரும்போது, ‘எங்கே வாங்கலாம்’ என்பதற்கு முன் ‘நாம் செய்தால் என்ன’ என்று கேளுங்கள்.