காசியில் நின்ற வண்டி

நம் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் கூடினால் போதும், ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "சேர்ந்து கிளம்பிப் போனவனுங்க ஏன்டா தனித்தனியா வந்தீங்க?" நானும் என் அறைத் தோழனும் ஐம்பது வருஷமாகச் சிரித்து மழுப்பிக்கொண்டிருக்கிறோம். மலர்க் குழுவினர் இந்தத் தடவை என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். சரி, அந்தக் கேள்விக்குப் பதிலையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பதிலில் பாதிக்கு மேல் நாட்டு வரலாறுதான். மீதிதான் எங்கள் கதை.

1974 ஏப்ரலில் பி.ஏ. இறுதித் தேர்வு முடிந்தது. விடுதி மெஸ் பாக்கியைக் கட்டியது போக என்னிடம் நூற்றைம்பது ரூபாய் சொச்சம் இருந்தது. அவனிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அவனிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது: அவன் அப்பாவின் ரயில்வே பாஸ். அப்பா லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். "இத்தனை வருஷம் கரி அள்ளிப் போட்டிருக்கேன், காசியைப் பார்த்ததில்லை. நீயாவது பார்த்துட்டு வா"ன்னு சொல்லி அவரே பாஸ் எழுதி வாங்கிக் கொடுத்தார். எனக்கு மாணவர் சலுகை டிக்கெட். ஆளுக்கொரு ரெக்ஸின் பை, ஒரு கூஜா, என் மாமாவிடம் இரவல் வாங்கிய ஹோல்டால் ஒன்று. இதற்கு 'பேக்பேக்கிங்' என்று ஒரு பெயர் உண்டு என்பது பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டில் தயங்கியவர்களை மடக்க அவன் காந்தியைத் துணைக்கு அழைத்தான். வரலாற்று மாணவன் அல்லவா! 1901 டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு வந்த காந்தி, கோகலேயுடன் ஒரு மாதம் தங்கிவிட்டு, 1902-ல் ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பில் கிளம்பினார். வழியில் காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் என்று ஒவ்வொரு ஊராக இறங்கிப் பார்த்தார். கையில் பன்னிரண்டு அணா விலையில் ஒரு கான்வாஸ் பை. அதற்குள் ஒரு கம்பளிக் கோட்டு, வேட்டி, துண்டு, சட்டை. போர்த்திக்கொள்ள ஒரு போர்வை, தண்ணீர் குடிக்க ஒரு சொம்பு. கோகலே ஒரு டிபன் பாக்ஸ் நிறைய லட்டும் பூரியும் கொடுத்து, ஸ்டேஷனுக்கே வந்து வழியனுப்பினார். நீ முதல் வகுப்பில் போயிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்றாராம். வண்டிச் சத்தம் உட்பட மொத்தப் பயணத்துக்கும் ஆன செலவு 31 ரூபாய்க்கு மேல் போகவில்லை என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். "காந்திக்கு 31 ரூபா போதும்னா நமக்கு நூத்தம்பது போதாதா?" என்பது அவன் வாதம். எழுபது வருஷ விலைவாசி உயர்வை அவன் சாமர்த்தியமாக விட்டுவிட்டான்.

காந்தி அந்த அனுபவத்தை மறக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அசுத்தத்தையும் பற்றி 1917-ல் தனியாகவே எழுதினார். 1955-ல் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்பை முதல் வகுப்பாகவும் இன்டர் கிளாஸை இரண்டாம் வகுப்பாகவும் மாற்றினார்கள். மூன்றாம் வகுப்பு மட்டும் மூன்றாம் வகுப்பாகவே கிடந்தது. நாங்கள் கிளம்பிய அதே 1974-ல்தான் அது ஒழிந்தது. ஒழிந்தது என்றால் பெயர் ஒழிந்தது. பெட்டிக்கு வெளியே மூன்று கோடு இருந்த இடத்தில் இரண்டு கோடு. உள்ளே அதே மரப்பலகை, அதே மூட்டைப்பூச்சி. இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டிகளில் இரண்டு அங்குல மெத்தை வந்தது, 1977-ல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகுதான். முதுகு வலிக்கும்போதெல்லாம் நான் அந்த மனுஷரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி தாண்டி டெல்லி. சாந்தினி சௌக் சீஸ்கஞ்ச் குருத்வாராவில் சாப்பாடு. 1675-ல் குரு தேக் பகதூர் தலை துண்டிக்கப்பட்ட இடம் அது. அந்த இடத்தில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டபோது எங்களை யாரும் எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்கவில்லை. ஆக்ரா ஒரு பகல். தாஜ்மகாலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்! பிறகு ஹரித்வாரில் ஒரு தர்மசாலை. நம்ம நாட்டில் ஏழை ஊர் சுற்றிப் பார்க்கும் வழியைப் போட்டுக் கொடுத்தவர்கள் யாத்ரீகர்கள்தான். ராத்திரிக்கு ஒரு திண்ணையும் பகலுக்கு ஒரு பிடி சோறும் கிடைக்கும் என்ற நம்பிக்கை, ரயிலுக்கு முன்னாலேயே இருந்தது.

ஹரித்வாரில்தான் பேப்பரில் பார்த்தோம்: மே 2-ம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது. மே 8 முதல் அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம்.

இது திடீரென்று வந்ததல்ல. ஸ்டீம் எஞ்சினில் வேலை செய்கிறவனுக்கு வேலை நேரம் என்பது கடிகாரத்தில் இல்லை. வண்டி போய்ச் சேருகிற வரை வேலைதான், அது பதினாலு மணி நேரமானாலும் சரி. 1973-ல் லோகோ ரன்னிங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பத்து மணி நேரம் என்ற வாக்குறுதியைப் பெற்றார்கள். அது ஏட்டளவில் நின்றது. எட்டு மணி நேர வேலை, மற்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு இணையான சம்பளம், போனஸ் என்று எல்லாச் சங்கங்களும் சேர்ந்து கேட்டன. தொழிலாளர்கள் ஏறக்குறைய 17 லட்சம் பேர். ரயில்வே அமைச்சர் எல்.என்.மிஸ்ரா. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "காசியைப் பார்த்துட்டு வான்னுதான் அப்பா அனுப்பினார்" என்றான். டூன் எக்ஸ்பிரஸில் ஏறி மே 5-ம் தேதி காசியில் இறங்கினோம்.

காசியில் தமிழனுக்கு அனாதை என்ற எண்ணம் வராது. கேதார காட்டில் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம். அனுமான் காட்டுப் பக்கம், 1898 முதல் சில ஆண்டுகள் பாரதி அத்தை வீட்டில் வளர்ந்த தெரு. விசுவநாதர் கோயிலுக்குத் தினமும் பூஜைச் சாமான்களைச் சுமந்துகொண்டு 'சம்போ' என்று சொல்லியபடி போகும் நகரத்தார் சத்திரத்து ஆட்கள். நாங்கள் வேறொரு தமிழ்ச் சத்திரத்தில் இடம் பிடித்தோம். மூன்று நாள்தான் தங்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. இருபத்தைந்து முப்பது யாத்ரீகர்கள் எங்களைப் போலவே மாட்டிக்கொண்டார்கள். பாதிப் பேர் வயசானவர்கள். மானேஜர் மூன்று நாள் கணக்கைப் பேசாமல் மறந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் என் தோழன் ஒரு கதை சொன்னான். ஏனுகுல வீராசாமி என்ற சென்னைக்காரர், சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1830 மே 18-ம் தேதி காசிக்குக் கிளம்பித் திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதம்! அதைத் தெலுங்கில் புத்தகமாகவும் எழுதி வைத்தார். "நாம ரெண்டு மூணு நாள்ல வந்துட்டோம். நடுவுல என்ன ஆச்சு? எங்கப்பா கரி அள்ளிப் போட்டார், அவ்வளவுதான்" என்றான். அந்த வாக்கியத்தை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லா வண்டியும் நின்றுவிடவில்லை. டெரிடோரியல் ஆர்மிக்காரர்களையும் வேலைக்கு வந்தவர்களையும் வைத்து முக்கியமான மெயில் வண்டிகளில் சிலதை அரசாங்கம் ஓட்டியது. ஆயிரக்கணக்கில் கைது. பல ஊர்களில் தொழிலாளர் குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியே தள்ளினார்கள். அவன் வீட்டுக்குத் தந்தி அடித்தோம். பதில் இல்லை. அடுத்த நாள் என் வீட்டிலிருந்து எனக்கு ஒரு தந்தி வந்தது: மே 22 இன்டர்வியூ, உடனே புறப்படு.

முகல்சராயில் பம்பாய் மெயில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். இடார்சி வரை போய்விட்டால் அங்கே ஜி.டி.யைப் பிடிக்கலாம். ரெண்டு பேரும் போகலாம் என்றுதான் சொன்னேன். அவன் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா நிறுத்தின வண்டியில நான் எப்படிடா ஏறுவேன்? அதுவும் அவர் பாஸை வச்சுக்கிட்டு?"

நான் கத்தினேன். உன் அப்பா ஒருத்தர் ஏறாததால் வண்டி நிற்கப் போகிறதா என்று கேட்டேன். இன்னும் சிலது சொன்னேன், அச்சில் போட வேண்டாம். அவன் பதிலே சொல்லவில்லை. மே 16 காலை என்னோடு பஸ்ஸில் மாளவியா பாலத்தைத் தாண்டி முகல்சராய் ஸ்டேஷன் வாசல் வரை வந்தான். உள்ளே வரவில்லை. கூட்டத்தில் ஹோல்டாலைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்று அதை அவனிடம் விட்டேன். கையில் இருந்த பணத்தில் ஒரு பகுதியையும் கொடுத்தேன்.

ஆறு மணி நேரம் தாமதமாக வந்த வண்டியின் எஞ்சினில் காக்கி உடுப்புக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்து போய் ஒரு பெட்டியில் தொற்றிக்கொண்டேன். நாக்பூரில் வண்டி நின்றபோது பேப்பர் முழுக்கப் பொக்ரான். மே 18-ல் முதல் அணுகுண்டுச் சோதனை. முதல் பக்கத்திலிருந்து வேலைநிறுத்தம் கீழே தள்ளப்பட்டிருந்தது. பெட்டியில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இன்டர்வியூவுக்குப் போனேன், வேலை கிடைத்தது, அதிலேயே முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வும் பெற்றேன். நான் சாப்பிட்ட சோறெல்லாம் அந்த வண்டி கொண்டு வந்து சேர்த்தது.

கோரிக்கை எதுவும் நிறைவேறாமல் மே 27-ல் வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. அதுவரை அவன் காசியிலேயே இருந்தான். சத்திரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இங்கிலீஷில் தந்தி எழுதிக் கொடுப்பதும், வயசானவர்களைக் கைபிடித்துக் கங்கைக்குக் கூட்டிப்போவதும் வேலை. ஜூன் முதல் வாரம் ஊர் வந்தால், வீடு பூட்டிக் கிடந்தது. அம்மாவும் தங்கைகளும் சித்தப்பா வீட்டில். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. எம்.ஏ. சேர விண்ணப்பம் போட்டிருந்தவன், அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனான். 1977-ல் ஜனதா அரசு வந்து, நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்தபோதுதான் அப்பாவுக்கு மறுபடி வேலை. இவன் தபால் வழியில் எம்.ஏ. முடித்து வாத்தியார் ஆனது அதற்கும் பிறகு. நம்மில் பலருக்கு அவன் ஏன் அந்த மூன்று வருஷம் கண்ணிலேயே படவில்லை என்பது இப்போதாவது தெரியட்டும்.

எந்த போனஸுக்காக 1974-ல் அத்தனை பேர் சிறைக்குப் போனார்களோ, அது 1979-ல் சரண்சிங் அரசு காலத்தில் ரயில்வே தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. கொஞ்ச நாளில் எனக்கு ஒரு மணியார்டர் வந்தது. நாற்பது ரூபாய். கூப்பனில் 'காசிக் கடன். அப்பா போனஸ் வாங்கிவிட்டார்' என்று மட்டும் எழுதியிருந்தான். அதற்குப் பிறகுதான் நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தோம். முகல்சராய் வாசலைப் பற்றி மட்டும் பேசினதில்லை.

இந்தக் கட்டுரையைப் போன வாரம் அவனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னான். "நீ குடுத்தது நாப்பது இல்லடா, முப்பத்தஞ்சு. மிச்சம் அஞ்சு, உன் மாமா ஹோல்டாலை வித்த காசு."